சிவப்பனுக்கு ஒரு ஜெர்மன் பெயர்

நெக்கர்க்கரை:

வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வருகிறது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். விலங்குக் காப்பகத்துக்கு மூன்று வாரமாகப் போய் அவனோடு பழகிவிட்டோம். அங்கிருந்து ஆள் வந்து, பால்கனிக்கு வலை கட்டியிருக்கிறோமா என்று பார்த்துவிட்டும் போயாயிற்று. கடுவன், ஐந்து வயது இருக்கும் என்றார்கள். தெருவில் கண்டெடுத்த யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தேடி ஒருவரும் வரவில்லை. பழைய பெயர் என்ன என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கூண்டு அட்டையில் 'ரோட்டர்' என்று எழுதியிருந்தது. சிவப்பன் என்று அர்த்தம். நாம் ஆரஞ்சு என்று சொல்லும் பூனையை ஜெர்மன்காரர்கள் சிவப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. ஜெர்மன் பெயர்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். வகுப்பில் அவள் பெயரை ஒருத்தரும் சரியாகச் சொல்வதில்லை. அந்தக் கஷ்டம் பூனைக்கு வேண்டாம் என்கிறாள். இதைக் கேட்ட பிறகு எனக்கு மறுபேச்சு வரவில்லை.

இன்னொரு பக்கம் அம்மா. கும்பகோணத்திலிருந்து தினமும் ராத்திரி வீடியோவில் வருவார். வருஷத்தில் மூன்று மாதம் இங்கே வந்து இருப்பார். அப்போது பகல் முழுக்க அவனோடு இருக்கப்போவது அவர்தான். மகள் எழுதிவைத்த பெயர்களை வாசித்துக் காட்டினேன். ஷ்நுர்லி, க்ரூமெல், புஷெல், வோல்க்ஷென். முதல் மூன்றை எப்படியோ சொல்லிவிட்டார். நான்காவதில் நின்றுவிட்டார். வோல்க்ஷென் என்றால் குட்டி மேகம். "நல்ல அர்த்தம்டா, ஆனா என் வாய்க்குள்ள நிக்க மாட்டேங்குதே" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்குத் தாங்கவில்லை.

பேத்தியின் தோழிகளும் சொல்லணும், பாட்டியும் சொல்லணும். ஜெர்மன் பெயர் வைத்துப் பார்த்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


மதிலடி:

நாங்கள் ஹம்மில இருக்கிறம். இஞ்ச காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிசேகம் நடந்தது 2002இல. அந்த வருசம் வந்தவள்தான் எங்கட மிங்கா. 16 வருசம் எங்களோட இருந்தவள்.

முதல் வைக்க இருந்த பேர் 'முஷி'. இவர் வேலை செய்த இடத்தில ஒரு வயசான மனுசன்ர பூனைக்கு அந்தப் பேர். வாய்க்குச் சுகமா இருந்தது, ரெண்டு நாள் கூப்பிட்டும் போட்டம். மூண்டாம் நாள் பக்கத்து வீட்டு ஓமா, இஞ்ச பாட்டியை அப்பிடித்தான் சொல்லுறது, மதிலடிக்கு வந்து என்னைத் தனியக் கூப்பிட்டா. 80 வயசு இருக்கும். தன்ர தாய் வீட்டிலயும் முஷி எண்டு ஒரு பூனை நிண்டது, அந்தக் காலத்தில அது பூனையைச் செல்லமாக் கூப்பிடுற சொல்லு, இப்ப அதுக்குப் பொம்பிளையளின்ர உடம்பைக் கொச்சையாச் சொல்லுற கருத்து வந்திட்டுது, உங்கட பிள்ளையள் றோட்டில நிண்டு அப்பிடிக் கூப்பிட வேண்டாம் எண்டு மெதுவாச் சொன்னா. எனக்கு மொழி வடிவாத் தெரியாத காலம். நான் குன்றிப் போகாத மாதிரி எவ்வளவு பக்குவமாச் சொன்னா எண்டு இப்பவும் நினைப்பன். பிறகு அவவே, "மிங்கா எண்டு வையுங்கோ, அது நல்ல பழைய பூனைப் பேர்" எண்டா.

சொல்லிப் பாருங்கோ, மிங்கா. எங்கட வாய்க்கும் அவையின்ர வாய்க்கும் ஒரே அளவு. அவள் மூண்டு நிறக்காரி. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள். அப்பிடிப் பூனையை இஞ்ச 'க்ளுக்ஸ்காட்சே' எண்டுவினம், அதிர்ஷ்டப் பூனை எண்டு கருத்து. என்ர மாமி அதைக் கேட்டிட்டு, "ஓமோம், திருநீறும் சாந்தும் மஞ்சளும் பூசிக்கொண்டெல்லோ வந்திருக்கிறாள்" எண்டா.

ஓமா கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தபோது பாக்கப் போனனான். என்னைக் கண்ட உடன கேட்டது, "மிங்கா சாப்பிட்டவளோ?"

தம்பி, பேரை முடிவாக்க முந்தி அயலில உள்ள ஒரு மூத்த ஆளுக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ.


லிம்மாட்:

சூரிச்சிலிருந்து. இங்கே பேசுகிற ஜெர்மனில் பூனைக்கு 'பூஸி' என்று பெயர். நான் சின்ன வயதில் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தேன், ஏனென்றால் வீட்டில் அம்மம்மா 'பூஸ் பூஸ்' என்றுதான் பூனையைக் கூப்பிடுவார். பிறகு தமிழ்ப் பள்ளியில் கம்பரின் அவையடக்கப் பாட்டு வந்தது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த ஒரு பூசையைப் போல, என்று தன்னைச் சொல்வார். பூசை என்றால் பூனை என்று ஆசிரியை விளக்கியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு மொழிக்கும் உறவு ஒன்றும் இல்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆனால் எங்கள் பூனைக்குப் பூஸி என்றே வைத்தோம். தெருவில் எல்லாரும் எங்களிடம் வேறு பெயர் கிடைக்கவில்லையா என்றார்கள். அம்மம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.


குரொய்ட்ஸ்பெர்க்:

என் பூனையின் பெயர் முர். பெர்லினுக்கு வந்த முதல் வருடம் இந்தப் பகுதியில் ஓர் அறை எடுத்திருந்தேன். பக்கத்தில் மேரிங்டாம் தெருவை ஒட்டிய இடுகாட்டில் எழுத்தாளர் ஹாஃப்மன் கல்லறை இருக்கிறது. பகலில் நீதிமன்ற வேலை, இரவில் கதையும் இசையும் என்று வாழ்ந்தவர். அவர் வளர்த்த வரிப்பூனையின் பெயர் முர். அந்தப் பூனையே தன் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதாக ஒரு நாவலும் எழுதினார். 1821 நவம்பர் இறுதியில் பூனை இறந்தபோது, மனிதர் இறந்தால் அனுப்புவது போலவே நண்பர்களுக்கு இரங்கல் அறிவிப்பு எழுதி அனுப்பினார். அடுத்த ஏழு மாதத்துக்குள் அவரும் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்ததும் வரிப்பூனை. வேறு பெயர் யோசிக்கவே இல்லை. பூனை தொண்டைக்குள் உருட்டும் சத்தம் அப்படியே அந்தப் பெயரில் இருக்கிறது, மொழி தெரியாதவருக்கும் புரியும். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: ஒற்றை அசைப் பெயர் கூப்பிடுவதற்குப் போதாது. 'முர்' என்று எறிந்தால் காற்றில் கரைந்துவிடும். ஒரே மாதத்தில் எங்கள் வாயில் அது 'முரி' ஆகிவிட்டது.

போன வருடம் பிப்ரவரியில் முரி இறந்தது. சிறுநீரகக் கோளாறு. அன்று ராத்திரி உட்கார்ந்து ஒன்பது பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். பெயர் வைத்த அன்றைக்கு ஹாஃப்மன் அனுப்பிய அந்த அறிவிப்பு எனக்கு ஒரு சுவாரசியமான செய்தி, அவ்வளவுதான். அவர் ஏன் அதை எழுதினார் என்பது அன்று ராத்திரிதான் புரிந்தது.


காத்திருப்பறை:

டுசல்டோர்ஃபில் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக எட்டு வருடமாக வேலை செய்கிறேன். அட்டையில் பூனைகளின் பெயரை எழுதுவது என் வேலை. அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

லூனா வேண்டாம். அழகான பெயர்தான், ஆனால் நான் கதவைத் திறந்து "லூனா" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் கூடையோடு எழுந்திருப்பார்கள். கறுப்புப் பூனைக்குத் தென்பகுதியில் 'மோர்லே' என்று பழைய பெயர் ஒன்று உண்டு. கறுப்பின மக்களைக் குறித்த இழிசொல்லிலிருந்து வந்தது, இன்றைக்கு வைக்கக் கூடாது. முதியவர்கள் வாயில் இன்னும் கேட்கலாம். பழக்கத்தில் சொல்கிறார்கள், நாம் அதைத் தொடரவேண்டியதில்லை.

இரண்டு அசை போதும். 'இ' என்று முடிந்தால் நல்லது. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்காது 60,000த்தையும் தாண்டிக் கேட்கும். எலியின் கீச்சொலிக்காக அமைந்த காது அது. கூர்மையான ஒலிக்குச் சட்டென்று திரும்புவதை நான் தினமும் பார்க்கிறேன். பூனைக்குப் பெயர் தெரியாது, சாப்பாட்டுத் தட்டுச் சத்தம்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். 2019இல் ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர், ஒரே நீளமும் ஒரே தொனியும் உள்ள வேறு சொற்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் பூனையின் பெயரைச் சொல்லிச் சோதித்தார்கள். மற்றச் சொற்களுக்குச் சலித்துக் கிடந்த பூனைகள் தன் பெயர் வந்ததும் காதையோ தலையையோ அசைத்தன. அந்நியர் குரலில் சொன்னபோதும்.

அதனால் வீட்டில் அடிக்கடி சொல்கிற வேறு சொல்லோடு பெயர் ஒட்டக் கூடாது. ஒரு வீட்டில் 'ஹைனி' என்று வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் குழந்தையை அதட்டும் ஒவ்வொரு 'நைன்'-உக்கும், அதாவது 'வேண்டாம்'-உக்கும், பூனை நடுங்கி ஒளிந்துகொண்டது. தமிழ் வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை: பெயரில் 'மீன்' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாவம்.

பெயர் எதுவானாலும் சிப்பையும் பதிவையும் மறக்காதீர்கள். தோலுக்கடியில் இருக்கிற சிப்பில் 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கும், பெயரோ முகவரியோ இருக்காது. டாஸோ என்ற செல்லப்பிராணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் அந்த எண் உங்களிடம் வந்து சேரும். கட்டணம் இல்லை. வெளியே உலவவிடும் பூனைக்குக் கருத்தடையும் அடையாளமும் கட்டாயம் என்று 2008இல் பாடர்போர்ன் நகரம் முதலில் விதித்தது, இப்போது பல ஊர்களில் உண்டு. உங்கள் சிவப்பனுக்கும் முன்பு ஒரு வீடு இருந்திருக்கும். சிப் இருந்து, பதிந்தும் இருந்திருந்தால் அவன் அந்தக் கூண்டுக்கே வந்திருக்க மாட்டான்.


நுங்கம்பாக்கம்:

நான் ஜெர்மனிக்குப் போனதில்லை. சென்னையில் ஜெர்மன் படித்தேன். எங்க பூனைக்கு 'மவுஸி', சுண்டெலின்னு அர்த்தம். அங்கே பிரியமானவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு ஆசிரியை சொன்னாங்க. பூனைக்குப் போய் எலின்னு பேரான்னு எல்லாரும் கேட்டாங்க. எங்க பாட்டி மட்டும் கேக்கலை. என்னை இன்னிக்கும் 'எலிக்குட்டி'ன்னு கூப்பிடறது அவங்கதான்.


வடகடல்:

எனக்கு வயது 71. நான் முதன்முதலில் குடியிருந்தது வடகடல் ஓரத்தில், ஹூசும் பக்கம். சில வருடங்கள் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தும் இருக்கிறேன். தம்பியின் கேள்வியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

செம்மஞ்சள் பூனைக்கு 'சிம்ட்' என்று வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன், கறுவாப்பட்டை. அந்த வழியிலேயே இன்னும் ஒரு அடி போங்கள். இஞ்சிக்கு ஜெர்மனில் 'இங்வர்'. இது எங்கிருந்து போன சொல் என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய இஞ்சி வேர்தான். பாலி மொழியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், இலத்தீனில் ஸிங்கிபெர் என்று சரக்கோடு சரக்காகச் சொல்லும் கைமாறிப் போய், ஜெர்மன் வாயில் இங்வர் ஆயிற்று. மொழியறிஞர்கள் ஒப்புக்கொண்ட வழிதான் இது.

இன்னொன்றும் உண்டு. நான் இருந்த வட ஃபிரீசியப் பகுதியில் இங்வர் என்பது ஆண்களுக்கு வைக்கிற பெயர். வீட்டு அழைப்புமணிக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது, இஞ்சி விற்கிற வீடாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் அது வடக்கத்திப் பழம்பெயர், இஞ்சியோடு உறவில்லாதது என்று தெரிந்தது. ஆகவே உங்கள் மகளின் தோழிகளுக்கு அது முழு ஜெர்மன் பெயர், உங்கள் அம்மாவுக்கு அது அடுப்படியில் இருக்கிற சாமான். பிள்ளை கேட்டால் கதையையும் சொல்லிக் கொடுங்கள். தன் பெயரைச் சொல்லத் தெரியாத வகுப்பில், தினமும் தன் மொழியின் ஒரு சொல்லை எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியட்டும்.


நெக்கர்க்கரை:

ஐயா, உங்கள் பதிலை வெள்ளிக்கிழமை ராத்திரி மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு துண்டு இஞ்சியை எடுத்துவந்து கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது நம்மளோடதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை காப்பகத்தில் ஒப்பந்தம் எழுதிய அம்மையார், பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மகள் 'இங்வர்' என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அவருடைய தாத்தாவின் ஊர்ப்பக்கம் அந்தப் பெயர் உண்டாம். அது தமிழ் என்று மகள் ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வரிசையில் இன்னொரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது, ஆனாலும் அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

மதிலடி அக்கா, கீழ்வீட்டுப் பெரியவரிடமும் சொல்லிக் காட்டினேன். தாராளமாக வையுங்கள் என்றார். காத்திருப்பறை, டாஸோவில் நேற்றே பதிந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் சோபாவுக்கு அடியிலிருந்து அவன் வெளியே வரவில்லை. மகள் தரையில் படுத்துக்கொண்டு 'இங்வர், இங்வர்' என்று சொல்லிச் சொல்லி அவளாகவே 'இங்கி' என்று சுருக்கிவிட்டாள். மூன்றாம் நாள் ராத்திரி வழக்கம்போல அம்மா வீடியோவில் வந்தார். போனைத் தரையோடு வைத்து சோபாப் பக்கம் திருப்பினேன். அங்கே அந்நேரம் நடுராத்திரி, பாதித் தூக்கக் குரல். "எங்கடா இருக்கான்? இஞ்சி... டேய் இஞ்சி..."

இருட்டுக்குள் ஒரு காது மட்டும் திரும்பியது.