மோஷன் டெஸ்டில் (மலப் பரிசோதனையில்) ஒன்றுமில்லை என்று வந்தது, ஆனால் இருந்தது: எச்.ஐ.வி.யும் மறைந்திருக்கும் ஒட்டுண்ணிகளும், டெல்டா அனுபவங்கள்

வெண்ணாற்றங்கரை:

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஆய்வக டெக்னீஷியன். ஊரும் பேரும் தெரியாதபடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நடவு, அறுப்பு, லோடு ஏற்றுவது என்று கிடைத்த வேலைக்குப் போகிறவர். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பிழைப்புக்காக வெளியூர் போன இடத்தில் விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது தண்ணீராகப் பேதி, மாதக்கணக்கில். ரத்தமோ சீதமோ இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. ஆள் மட்டும் உருகிக்கொண்டே போனார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். வெளியில் பார்த்த ரிப்போர்ட்டுகளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: புழு முட்டை இல்லை, சிஸ்ட் (உறைக்குள் இருக்கும் ஒட்டுண்ணி) இல்லை.

அந்த ரிப்போர்ட்டுகளில் பொய் இல்லை. வழக்கமான மோஷன் டெஸ்டில் ஸ்லைடின் ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் அயோடின் விட்டு, துளி மலத்தைக் கலந்து, கவர் ஸ்லிப் போட்டுப் பார்ப்போம். உருண்டைப்புழு முட்டை, கொக்கிப்புழு முட்டை, அமீபா, ஜியார்டியா எல்லாம் அதில் மாட்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்கிற பேதி ஒட்டுண்ணி பெரும்பாலும் மாட்டாது. அதன் உருண்டை 4 முதல் 6 மைக்ரான்தான், ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. ஈஸ்ட் என்று நினைத்துக் கண் தாண்டிப் போய்விடும். சிஸ்டோஐசோஸ்போரா என்று இன்னொரு ஒட்டுண்ணி, அதைவிட நன்றாகவே பெரியது, 25 முதல் 30 மைக்ரான் நீளம் வரும். ஆனால் நிறமில்லாமல் கிடப்பதால், அதையே தேடுகிறவர் கண்ணுக்குத்தான் படும்.

இவற்றைப் பிடிக்க ஆசிட்-ஃபாஸ்ட் சாயம் வேண்டும். காசநோய்ச் சளிக்குப் போடுகிற அதே கார்பால் ஃபுக்சின் சிவப்புதான். சூடு காட்டாமல் போட்டு, வீரியம் குறைந்த அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலம் கொடுக்க வேண்டும். இந்த முறை டாக்டர் சீட்டில் அதைத் தனியாக எழுதியிருந்தார். அதிகம் பெரிதாக்கிக் காட்டும் எண்ணெய் லென்ஸுக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நீலப் பின்னணியில் நீள்வட்டமாக, இரண்டு முனையும் லேசாக ஒடுங்கி, உள்ளே சிவப்பாக ஒரு உருண்டை. சிஸ்டோஐசோஸ்போரா. பக்கத்து மேசையில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதற்கு மருந்து உண்டு, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த கோட்ரைமாக்சசோல்தான். நம் ஆட்கள் செப்ட்ரான் என்பார்கள். சில நாளிலேயே பேதி கட்டுப்பட்டது. ஏ.ஆர்.டி.யும் மறுபடி தொடங்கினார்கள். சிடி4 (எதிர்ப்பு சக்தியைக் காட்டும் ரத்த அணுக் கணக்கு) ஏறும் வரை இந்தத் தொற்று திரும்ப வரும் என்பதால் செப்ட்ரானை நிறுத்தவில்லை. கிரிப்டோவாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபமில்லை. அதை ஒழிக்கும் என்று நம்பிக் கொடுக்கிற மருந்து கிடையாது, ஏ.ஆர்.டி. மூலம் எதிர்ப்பு சக்தி ஏறினால்தான் அடங்கும். குளோரின் போட்ட தண்ணீரிலும் சாகாது. அதனால் சிடி4 குறைவாக இருப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிற மாதங்களில் இதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

என் ஆதங்கம் அந்தச் சீட்டைப் பற்றியது. பல சீட்டுகளில் 'மோஷன் ரொட்டீன்' என்று மட்டும் எழுதி வருகிறது. எச்.ஐ.வி. என்று எழுதச் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி நோயாளியின் சம்மதம் இல்லாமல் அதைப் பொதுவாக வெளிப்படுத்தக் கூடாது, அது சரிதான். 'எதிர்ப்பு சக்தி குறைவு, நாள்பட்ட பேதி, ஆசிட்-ஃபாஸ்ட் பார்க்கவும்' என்று எழுதினால் போதும். எங்களுக்கு யாருடைய அந்தரங்கமும் வேண்டாம், எதைத் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

நடவுக்காரி மகள்:

அண்ணே, நான் எச்.ஐ.வி. பாசிட்டிவ். எங்கள் மாவட்டத்தில் பாசிட்டிவ் மக்களோடு களப்பணி செய்கிறேன். பேதியே இல்லாமல் உள்ளே இருந்த ஒன்றைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

எனக்கு அண்ணி முறை ஆகிற ஒருவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம். சின்ன வயதிலிருந்து நாற்றுப் பறிப்பு, நடவு, களை. அவருக்கு மூளை உறையில் காசநோய் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். போடுவதற்கு முன் ஒரு டாக்டரம்மா வந்து கேட்ட முதல் கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது: "வயலில் வெறுங்காலோடவா இறங்குவாங்க?"

"நடவுக்குச் செருப்புப் போட்டுக்கிட்டா இறங்க முடியும் டாக்டர்?" என்றேன்.

அடுத்து, இடுப்பிலோ பின்பக்கத்திலோ அரிப்போடு கோடு கோடாக வந்து போகுமா என்றார். வரும். வருஷக்கணக்காக வரும். பூரான் ஊர்ந்த தடிப்பு என்று அண்ணி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார். அன்றைக்கும் இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு இருந்தது. டாக்டரம்மா அதன் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது கோடு புள்ளியைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. தோலுக்கு அடியில் ஒரு புழுக்குஞ்சு நடந்து போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்றார்கள், மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக உள்ளே போகிற குடற்புழு. ஸ்டீராய்டு போட்டால் அது உடம்பு முழுக்கப் பெருகிப் பரவி உயிருக்கே ஆபத்தாகும் என்று விளக்கினார். மூளைக் காசநோய்க்கு ஊசியைத் தள்ளிப்போடவும் முடியாது. அதனால் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். அண்ணி பிழைத்து வந்தார். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

வெண்ணாற்றங்கரை:

அக்கா, அந்த டாக்டருக்குக் கையெடுத்துக் கும்பிடு போடலாம். மற்ற குடற்புழுக்களில் பெரும்பாலானவை உடம்புக்குள்ளேயே இனம் பெருக்குவதில்லை, ஆயுள் முடிந்தால் செத்துவிடும். இது அப்படியில்லை. குடலிலேயே குஞ்சு முதிர்ந்து மறுபடி உடம்புக்குள் நுழைந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதை போட்ட போர்க் கைதிகளிடம் 40 வருஷம் கழித்தும் இந்தப் புழுவைக் கண்டிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளிகளையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோன அதே பாதை. பிழைத்து வந்தவர்களில் எத்தனை பேர் வயிற்றில் இது இருந்ததோ, யார் பார்த்தார்கள்?

எச்.ஐ.வி. மட்டும் இருந்தால் இது எல்லோருக்கும் பொங்கி எழுந்துவிடும் என்பதில்லை. ஸ்டீராய்டு சேரும்போதுதான் பெரிய ஆபத்து. குஞ்சுகள் குடல் சுவரைத் துளைத்துப் போகும்போது குடல் பாக்டீரியாவும் கூடவே ரத்தத்துக்குப் போய்விடும். அப்போது ஆளுக்கு வருவது செப்சிஸ், கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் பாதித்து உயிருக்கு ஆபத்தாகும் நிலை. எல்லோரும் பாக்டீரியாவைத் துரத்துவார்கள், புழுவை யாரும் நினைக்க மாட்டார்கள். ரத்தத்தில் ஈஸினோஃபில் (புழு இருந்தால் கூடுகிற வெள்ளையணு) ஏறியிருக்குமே என்று பார்த்தால், எதிர்ப்பு சக்தி தாழ்ந்தவர்களுக்கு அது ஏறாமலும் இருக்கும்.

மலத்தில் இதன் முட்டை வராது, குஞ்சுதான் வரும், அதுவும் சில நாள் வரும், சில நாள் வராது. ஒரு தடவை பார்த்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் செய்யக்கூடிய அகார் தட்டு (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) முறை இதற்கு நல்லது. மலத்தைத் தட்டின் நடுவில் வைத்து இரண்டு நாள் விட்டால், குஞ்சுகள் ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியா முளைத்துச் சிக்குக்கோலம் போட்ட மாதிரித் தடம் தெரியும்.

காவேரிக்கரை ஓய்வு:

கும்பகோணம் வட்டாரத்தில் சுகாதாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மறைந்திருப்பது என்றால் எனக்கு யானைக்கால் கிருமிதான். அந்தக் காலத்தில் நாங்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுப்போம். பகலில் எடுத்தால் ஒன்றும் இருக்காது. கொசு கடிக்கிற நேரத்துக்குத் தோதாக, ராத்திரி 10 மணியிலிருந்து 2 மணி வரைதான் நுண்புழுக்கள் மேல் ரத்தத்துக்கு வரும். இப்போது எந்த நேரத்திலும் பார்க்கக்கூடிய கார்டு டெஸ்ட் இருக்கிறது. ஆனால் கால் வீங்கிப் பல வருஷம் ஆனவருக்கு டெஸ்ட் நெகட்டிவாக வரலாம், அதற்குள் புழு செத்திருக்கும்.

இதற்கும் எச்.ஐ.வி.க்கும் தொடர்பு உண்டா என்று கேட்பீர்கள். டான்சானியாவின் எம்பேயா பகுதியில் செய்த ஆய்வு 2016இல் லான்செட்டில் வந்தது. யானைக்கால் புழு உள்ளவர்களுக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். அது அந்த ஊர்க் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வருஷாவருஷம் மாத்திரை கொடுக்கப் போனபோது வாங்காமல் கதவைச் சாத்தியவர்களை நினைத்தால் இப்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

புதுச்சேரி ரோடு:

ஒரு சந்தேகம். என் மாமா ஏ.ஆர்.டி.யில் இருக்கிறார், சம்பா, தாளடி எதுவானாலும் சேற்றில்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை போடுகிறார். அது போதாதா?

வெண்ணாற்றங்கரை:

அவர் போடுவது ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளையாக இருக்கும். உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு நல்ல மருந்து. ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு அதை நம்ப முடியாது, ஐவர்மெக்டின்தான் வேண்டும். உடல் எடை பார்த்து டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து அது, மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். அடுத்த முறை ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகும்போது, வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதையும் இடுப்பில் கோடு வருகிறதா என்பதையும் மாமாவே வாயால் சொல்லட்டும். வீசிங், மூட்டு வலி என்று வேறு எங்காவது காட்டினாலும், ஸ்டீராய்டு எழுதுவதற்கு முன் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

மலம் கொடுக்கும்போது காய்ந்த டப்பாவில் எடுங்கள், சிறுநீர் கலக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், குஞ்சு செத்துவிட்டால் தட்டில் எதுவும் ஊராது. வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுத்தால் நல்லது. பஸ் பிடித்து வருவதற்குள் பொழுது போய்விடும் ஊர் என்றால், காலையில் ஆஸ்பத்திரிக்கே வந்து எடுத்துக் கொடுக்கட்டும், கேட்டால் டப்பா தருவார்கள்.