கரியமில வாயு கூடினால் பாலைவனத்துக்கு லாபமா?

முள்நண்பன்:
சப்பாத்திக்கள்ளியைப் பசுமைக்குடிலில், இரு மடங்கு கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நன்றாகவே கொழுத்தது. வாயு நிறையக் கிடைத்தால் செடி தன் மூச்சுத் துளைகளை அகலத் திறக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சம். தாகத்தில் தவிக்கும் செடிக்கு வேறென்ன வேண்டும்? பாலைவனத்துக்கு நல்ல காலம் என்றே சொல்வேன்.

வேரடி:
குடிலில் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. பாலைவனத்தில் யார் ஊற்றுவது? அமெரிக்காவின் நெவாடாவில், மொஹாவி பாலைவனத்தின் திறந்தவெளியிலேயே 1997 முதல் 2007 வரை வாயுவை 550 பிபிஎம் அளவுக்கு, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 550 பங்குக்கு, ஏற்றிப் பார்த்தார்கள். 1998இல் எல் நினோ மழை, பசிபிக் கடல் சூடேறும்போது அங்கே கூடுதலாகக் கொட்டுவது. அந்த வருடம் வாயு ஏற்றிய புதர்களில் புதுத்தளிர், சாதாரணக் காற்றில் நின்றவற்றைவிட இரட்டிப்பானது. வறண்ட வருடத்திலோ பலனே இல்லை. பத்து வருடம் முடிந்து செடிகளை வெட்டி, வேரையும் தோண்டி எடை போட்டபோது, சாதாரணக் காற்றில் நின்றவற்றுக்கும் இவற்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

முள்நண்பன்:
பாதியை விட்டுவிட்டீர்களே. அதே இடத்தில் மண்ணில் கார்பன் கூடியிருந்தது, 2014இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. செடி பருக்கவில்லை என்பதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடுமா?

வேரடி:
சரி, மண் விஷயம் உங்கள் பக்கம். ஆனால் அந்த 1998 மழையில் அதிகம் கொழித்தது யார்? மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வந்து குடியேறிய சிவப்பு புரோம் என்ற ஒருபருவப் புல். உள்ளூர்ச் சிறுசெடிகளுக்கு அந்த அளவு பலன் இல்லை. புதருக்கும் புதருக்கும் நடுவே வெறும் மண் கிடந்த வரை தீ தாவ வழியில்லை. இந்தப் புல் காய்ந்து கிடந்தால் ஒரு பொறி போதும். தீக்குப் பழகாத புதர்கள் அவை.

ராத்திரிப்பூ:
நடுவில் வருகிறேன், கோபிக்க வேண்டாம். சப்பாத்திக்கள்ளி ராத்திரியில் துளை திறந்து வாயுவை வாங்கிச் சேமிக்கிற வகை. மொஹாவி புதர்கள் பகலில் வாங்குபவை. ஒன்றை வைத்து மற்றதை எடை போடுவதே தப்பு. அப்புறம், குடில் என்றாலே பலனை ஊதிக் காட்டும் என்றும் இல்லை. தொட்டி சின்னதானால் வேர் சுருண்டுகொள்ளும், ஒளிச்சேர்க்கை மந்தமாகும், வாயுவை எவ்வளவு கொடுத்தாலும் பலன் குறைத்தே தெரியும்.

முள்நண்பன்:
தொட்டி அளவை நான் யோசிக்கவே இல்லை. ‘பாலைவனத்துக்கு’ என்றதை ‘கள்ளிக்கு’ என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

வேரடி:
மாற்றியாயிற்று. புல்லுக்கு இன்னும் பதில் வரவில்லை.