ஆல்டர்மேக்னட்: மாற்றுக்காந்தமா, மாறுமுகக் காந்தமா?

நண்பர்களுக்குக் கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

ஆல்டர்மேக்னட் (altermagnet) என்னும் புதுவகைக் காந்தத்துக்குத் தமிழ்ப்பெயராக 'மாற்றுக்காந்தம்' என்று முன்மொழிந்த நண்பர், கணுவுக்கு ஓர் இலையாக மாறிமாறி அமைவதைக் குறிக்கும் தாவரவியலின் 'மாற்றிலை அமைவு' என்ற வழக்கைச் சான்று காட்டியிருந்தார். சான்று நல்லதுதான், ஆனால் மாற்றுக்காந்தம் என்றதும் பொது வாசகருக்கு, பழுதான ஒலிபெருக்கியில் பழையதைக் கழற்றிவிட்டுப் பொருத்தும் காந்தமே நினைவுக்கு வரும்.

இரும்பு போன்ற அயக்காந்தத்தில் அணுக்களின் தற்சுழற்சிகள் (ஸ்பின், அணுவைச் சிறு காந்தமாக்கும் பண்பு) ஒரே திசை நோக்குகின்றன. எதிர் அயக்காந்தத்தில் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. (தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு ஃபெர்ரோ காந்தம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அயக்காந்தமே நாவில் வருகிறது.) 2022-இல் ஸ்மெய்கல், சினோவா, யுங்விர்த் ஆகியோர் தனி வகையாக வரையறுத்த மூன்றாவது வகையான ஆல்டர்மேக்னட்டிலும் தற்சுழற்சிகள் எதிரெதிரானவையே, ஆயினும் ஓர் அணுவை அதன் சூழலோடு நகர்த்தினால் மட்டும் மற்றதன்மேல் பொருந்தாது, திருப்பவும் வேண்டும். இவ்வகையைச் சேர்ந்த மாங்கனீசு டெலுரைடில் ஒவ்வொரு மாங்கனீசு அணுவையும் சூழ்ந்திருக்கும் ஆறு டெலுரியம் அணுக்களின் கூடு, அடுத்த அடுக்கில் 60 பாகை திரும்பியிருக்கிறது. இன்று காலை கிள்ளிவந்த தேயிலைக் கிளை மேசைமேல் கிடக்கிறது: கீழ் இலையைத் தண்டு வழியே நேராக மேலேற்றினால் அடுத்த இலையின்மேல் அமராது, தண்டைச் சுற்றித் திருப்பினால்தான் அமரும். கோணம் வேறு, சங்கதி இதுதான்.

எக்ஸ் கதிர் பிடித்துக்கொள்வதும் இந்தத் திருப்பத்தையே. மாங்கனீசு கதிரை உட்கவர்வது திடீரென மிகும் ஆற்றலான (உட்கவர் விளிம்பு) ஏறத்தாழ 640 எலக்ட்ரான் வோல்ட்டில், இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் வட்டத் தளவிளைவுற்ற, அதாவது மின்புலம் சுழன்றபடி செல்லும், கதிர்களைச் செலுத்தி, இரண்டிலும் உட்கவரப்படும் அளவுகளின் வேறுபாட்டைக் காண்கிறார்கள். வழக்கமான எதிர் அயக்காந்தத்தில் இருவகை அணுக்களின் பங்கும் கழிந்து வேறுபாடு பூச்சியமாகிவிடும். இங்கோ, தற்சுழற்சிகள் நிற்கும் திசை வாய்ப்பாக அமைந்தால், நிகரக் காந்தம் இல்லாதது போலிருந்தும் வேறுபாடு எஞ்சுகிறது. சுவீடனின் மேக்ஸ் ஃபோர் (MAX IV) சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை முடுக்கி வலிய எக்ஸ் கதிர் தரும் நிலையம்) இம்முறையில் எடுத்து 2024-இல் வெளியான படங்களில், மாங்கனீசு டெலுரைடின் காந்தப் பகுதிகளும் சுழிப்புகளுமே தெரிந்தன. உட்கவர்தலின் இந்த வேறுபாட்டுக்கு 'வட்ட இருநிறமை' (circular dichroism) என்ற பெயர் இருக்கட்டும். எக்ஸ் கதிருக்கு நிறமேது என்று கேட்டால் மூலச்சொல்லிலும் அதே குறைதான்.

ஆகவே 'மாறுமுகக் காந்தம்' என்று முன்மொழிகிறேன். எதிரெதிர் அணுக்களின் சூழல் முகம் திரும்பி நிற்பதை அது சொல்லிவிடுகிறது. 'சுழல்' என்று தொடங்கினால் தற்சுழற்சியோடு குழம்பும், 'திருகு' என்றால், தற்சுழற்சிகள் திருகுபோல் படிப்படியாகத் திரும்பிச் செல்லும் திருகுகாந்தம் என்னும் வேறு வகையோடு மோதும். மாறுமுகக் காந்தவியல், மாறுமுகக் காந்த ஒழுங்கு எனத் தடையின்றிக் கிளைக்கிறது. மெய்ப்பு பார்ப்பவர் எவரேனும் அதை 'ஆறுமுகக் காந்தம்' என்று திருத்திவிடுவாரோ என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.