தராசின் டிஎல்எல்லும் பைத்தானும்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசின் எடையைப் பைத்தானில் எடுக்கப் பார்க்கிறேன். கையிலிருப்பது சி மொழியில் எழுதிய 32-பிட் டிஎல்எல் (விண்டோஸில் மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) மட்டும். சோர்ஸ் கோட் இல்லை. 64-பிட் பைத்தானில் சீடைப்ஸ் (பைத்தானிலிருந்து டிஎல்எல்லை அழைக்கும் நூலகம்) அதை ஏற்றாமல் பிழை 193 காட்டியது. 32-பிட் பைத்தான் போட்டதும் சரியாயிற்று.

இப்போது சிக்கல் ஸ்ட்ரக்டில், அதாவது பல மதிப்புகளை ஒன்றாக அடுக்கித் தரும் சி அமைப்பில். முதலில் 5 பைட்டில் தொழிலாளி இலக்கம், அப்புறம் டபுளில் (8 பைட் தசம எண்) எடை. இலக்கம் சரியாக வருகிறது, எடை மட்டும் குப்பை. நடுவில் 3 பைட் நிரப்பல் (எடை 8-இன் மடங்கான இடத்தில் தொடங்க விடப்படும் வெற்றிடம்) உண்டா இல்லையா என்பதில்தான் என் சந்தேகம். டிஎல்எல்லைப் பிரித்துப் பார்த்து அதை உறுதிப்படுத்த வழி உண்டா? சீடைப்ஸில் நிரப்பலை நீக்கும்படி பேக் மதிப்பை 1 ஆக்கினால் எண் ஒத்துவரலாம். ஆனால் கொழுந்து பறிப்பவர்களின் கூலிக் கணக்கு இது, ஊகத்தில் விட மனமில்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.