ஊசியைக் கண்டால் மயக்கம் வருகிறது, ஆனாலும் ரத்தம் கொடுக்க வேண்டும்

செம்பூர்வாசி:
வயது 27. எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டுக் குழந்தைக்குத் தலசீமியா, பிறவியிலேயே வரும் ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றப் போகும் நாள் நெருங்க நெருங்க அவள் முகம் வெளுத்து, படி ஏறவே உட்கார்ந்து உட்கார்ந்து வருவாள். ஏற்றிவிட்டு வந்தால் மறுநாளே தம்பியோடு சண்டை போடுவாள். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் இது நடக்கிறது. அந்த வரிசையில் நானும் இருக்க வேண்டும்.

ஆனால் சாதாரணப் பரிசோதனைக்குக் கையை நீட்டினாலே நெஞ்சு படபடக்கும், அப்புறம் காது அடைத்து, வேர்த்து, கண் இருட்டிவிடும். வலி எனக்குப் பிரச்சினை இல்லை, மயங்கி விழுவதுதான். எடை 52 கிலோ. "எறும்பு கடித்த மாதிரி இருக்கும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தாராவிக்காரன்:
வெறும் வயிற்றில் மட்டும் போகாதீங்க அக்கா. நல்லா சாப்பிட்டு, ஊசி குத்துறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி அரை லிட்டர் தண்ணீர் குடிங்க. எங்க ஏரியா முகாமில் எல்லாரிடமும் இதைத்தான் சொல்வோம். மயக்கம் நிஜமாவே குறையுது.

சயான் கோலிவாடா அக்கா:
தங்கச்சி, ரத்த வங்கியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீ எழுதியதில் "முதலில் படபடப்பு, அப்புறம் இருட்டு" என்ற வரிசைதான் முக்கியம். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறி அப்படியே நிற்கும். ஊசி, ரத்த பயத்தில் பலருக்கு ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், நாடித்துடிப்பும் குறையும், மூளைக்கு ரத்தம் போதாது. அதுதான் மயக்கம். இது உடம்பு செய்கிற வேலை. கோழை என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே.

அதனால் உடம்பைத் தளர்த்துவது மட்டும் உனக்குப் போதாது, இறுக்க வேண்டும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது. உட்கார்ந்தபடி கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கு. முகத்தில் சூடு தெரியும். பிறகு 20, 30 விநாடி விடு. ஐந்து முறை செய். மூச்சை அடக்காதே. வீட்டில் தினமும் பழகிவிட்டுப் போ. ஊசி ஏறிய கையை மட்டும் தளர்வாக விட்டு, கால்களைக் குறுக்கே போட்டுத் தொடைகளை இறுக்கு.

ஒன்றை மறைக்க மாட்டேன். பரிசோதனை ஊசியைவிட ரத்த தானத்துக்கான ஊசி தடிமன். ஆனால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உன் எடைக்கு 350 மில்லிதான் எடுப்பார்கள். மயங்கும் வழக்கம் உண்டு என்று அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே சொல், படுக்க வைத்தே எடுக்கச் சொல். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள். முடிந்ததும் உடனே எழுந்திருக்காதே. நிறைய பேர் விழுவது ஊசி எடுத்த பிறகுதான்.

முலுண்ட் தமிழன்:
எனக்கும் இதே பயம் இருந்தது. முதலில் நண்பன் கொடுக்கும்போது கூடப் போய் வெளியே உட்கார்ந்தேன். அடுத்த முகாமில் உள்ளே போய் அவன் கையைப் பார்த்தேன், அக்கா சொன்ன மாதிரி காலை இறுக்கிக்கொண்டே. அப்புறம் விரல்நுனியில் குத்தும் ஹீமோகுளோபின் சோதனை வரைக்கும் போய்த் திரும்பினேன். அதற்குப் பிறகுதான் படுக்கையில் படுத்தேன். இப்போது தொடர்ந்து கொடுக்கிறேன். ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

முடிந்தால் மே மாதத்தைக் குறிவையுங்கள். கல்லூரிகள் மூடி, பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவதால் மும்பையில் முகாம்கள் குறையும். உங்கள் கீழ்வீட்டுக் குழந்தைக்கு மே மாதத்திலும் ரத்தம் வேண்டுமே.

செம்பூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. காலையிலிருந்து தசை இறுக்கிப் பழகுகிறேன், முகம் சூடாவது தெரிகிறது. அக்கா, போன வருடப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.6. பரவாயில்லையா?

சயான் கோலிவாடா அக்கா:
12.5 இருந்தால்தான் எடுப்பார்கள். முகாம்களில் நிறையப் பெண்கள் திரும்பிப் போவது இதனால்தான், பயத்தால் அல்ல. முதலில் டாக்டரைப் பார், இரும்புச்சத்து மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்வார். மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கிடைக்கும், சாப்பிடு. சாப்பாட்டோடு டீ குடிக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்து, அது இரும்பைச் சேர விடாது. இரண்டு மூன்று மாதம் ஆகட்டும். அதுவரை முலுண்ட் தம்பி சொன்னபடி முகாமில் போய் உட்கார்ந்து பழகு. சயான் பக்கம் முகாம் என்றால் சொல், நானும் கூட வருகிறேன்.