போன்ஃபிஷுக்கு 5-ஆம் எண் கோல் போதுமா?

கேள்வி: தீவு விடுதியில் ஒரு வாரம் ஃப்ளை (இறகு, நூலால் கட்டிய செயற்கை இரை) மீன்பிடிப்பு. ட்ரவுட் என்ற நன்னீர் மீனுக்கான 5-ஆம் எண் கோல் இருக்கிறது (எண் கூடினால் கோலின் பலமும் கூடும்). ஆழமற்ற கடல் மணல்திட்டுகளில் மேயும் போன்ஃபிஷ் மீனுக்கு அதையே பயன்படுத்தலாமா?

பதில் 1: வேண்டாம். கடற்காற்றை எதிர்த்து வீச 9 அடி, 8-ஆம் எண் கோல் தேவை. ரீலில் உப்புநீர் புகாத டிராக் (மீன் இழுக்கும்போது தடை தரும் பிரேக்), 200 கெஜம் பேக்கிங் (லைனுக்குப் பின்னால் சுற்றும் மெல்லிய கூடுதல் நூல்). லைன் (வீசும் கனமான நூல்) வெப்பமண்டலத்துக்கானதாகவே இருக்கட்டும். குளிர்நீர் லைன் வெயிலில் இளகி, கோல் வளையங்களில் ஒட்டி, வீச்சையே கெடுத்துவிடும். லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்) 9 முதல் 10 அடி, அதன் நுனி 12 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன். பவளப்பாறை இருந்தால் 16 பவுண்டு.

பதில் 2: கோலைவிட முக்கியம், மீன் கவ்வும் கணம். ட்ரவுட் பழக்கத்தில் கோலை உயர்த்தினால் ஃப்ளை தரையை விட்டு எழும்பி, மீன் மிரண்டுவிடும். கோல் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தியே வைத்து, லைனைக் கையால் நீளமாக இழுங்கள். கொக்கி மாட்டாவிட்டாலும் ஃப்ளை அங்கேயே கிடக்கும். பலமுறை அதே மீன் மறுபடி கவ்வும். மாட்டியபின் அது பாயும்போது ரீல் கைப்பிடியைத் தொடவே கூடாது, லீடர் நுனி அறுந்துவிடும்.

பதில் 3: தினமும் மாலை ரீலை நன்னீரில் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள், மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுவிக்கலாம். பக்கத்தில் சுறா தெரிந்தால் இழுபறியை நீட்டாதீர்கள். களைத்த போன்ஃபிஷ் தப்பாது.