தனி அலுவலர் காலத்தில் கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?

கேள்வி (ஆற்றங்கரையான்):

எங்கள் ஊராட்சியில் 2025 ஆகஸ்ட் 15 அன்று நடந்த கிராம சபைக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் நுழையும்போதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. வாசித்தவை எல்லாம் மேலிடத்திலிருந்து தட்டச்சாகி வந்த பொருள்கள். மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் இந்த ஆண்டில் மூன்றாவது முறையாகக் காயில் எரிந்து கிடக்கிறது என்று நான் எழுந்து சொன்னபோது, பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பியவராக, வந்திருந்த அலுவலர் தலையை அசைத்துவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்திருக்கும் தனி அலுவலரின் கவனத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். எங்கள் மாவட்டம் 2019 டிசம்பரில் வாக்களித்த 27 மாவட்டங்களில் ஒன்று என்பதால், தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவர் இருந்த காலத்தில் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவாவது முடிந்தது. இப்போது நாங்கள் எந்த வாசலில் நிற்பது? சபையில் நிறைவேறும் தீர்மானத்தைச் செயல்படுத்த வேண்டிய பொறுப்பு யாருடையது?

பதில் 1 (வரப்பு):

பொறுப்பு தனி அலுவலருடையது. கிராம ஊராட்சிகளைப் பொறுத்தவரை அவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இருக்கின்றன; சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். ஏற்கெனவே முழுநேர வேலை உள்ள ஒருவர், 32 தலைவர்களின் நாற்காலியிலும் ஒரே நேரத்தில் அமர்ந்திருக்கிறார் என்று சட்டம் நம்பச் சொல்கிறது. உங்கள் ஊர் மோட்டார் அவர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் சொல்வது. அதை மீற ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. இம்முறை எல்லை மறுவரையறையும், ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைப்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 2016இல் பழங்குடியினர் இட ஒதுக்கீடு குறித்து தி.மு.க. தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அ.தி.மு.க. ஆட்சி ஆறாறு மாதமாகத் தனி அலுவலர்களை நீட்டித்துக்கொண்டே போனது. அன்று அதை ஜனநாயகப் படுகொலை என்றவர்கள்தான் 2025இல் தனி அலுவலர்கள் வந்தபோது ஆட்சியில் இருந்தார்கள். அன்று நீட்டித்தவர்கள் இம்முறை கண்டன அறிக்கை விட்டார்கள். ஆள்பவர் யாராக இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாத காலம் அவர்களுக்கு வசதியாகவே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இடையில் நட்டமும் உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத ஊராட்சிக்கு நிதி ஆணையத்தின் மானியம் வருவதில்லை. 2016க்குப் பிறகு அதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

பதில் 2 (முன்னாள் வார்டு உறுப்பினர்):

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தலைவர்கள் இருந்த காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். 2019 தேர்தலில் தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்கள் இருந்தன. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் கணவர் நாற்காலியில் இருக்க, மனைவி கையெழுத்து மட்டும் போட்ட கதை ஊரறிந்தது. நான் உறுப்பினராக இருந்த ஐந்தாண்டுகளில், எந்தக் கூட்டத்திலும் செலவுப் பட்டியலை முழுமையாகப் பார்த்ததில்லை; ஊராட்சிச் செயலர் பக்கத்தைத் திருப்புவார், நாங்கள் கையெழுத்திடுவோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஏமாற்றிய தலைவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம் என்ற அச்சம் அவருக்குக் கொஞ்சமாவது இருந்தது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு இருக்கும் ஒரே அச்சம் பணியிட மாறுதல்தான்.

பதில் 3 (மனு எழுதுபவர்):

அரசியலை விட்டுவிட்டு, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபையை வாக்காளர்களின் சபையாகவே வைத்திருக்கிறது. தலைவர் பதவி காலியானால் சபை கலைந்துவிடுவதில்லை. எனவே கூட்டத்தில் வாயால் சொல்வதோடு நிற்காமல், மோட்டாரைப் பற்றிய தீர்மானத்தை நீங்களே ஒரு தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு பற்றாளரிடம் கொடுத்து, அதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றும் வரை அங்கேயே இருங்கள். குறைவெண் வரம்பையும் கவனியுங்கள்: 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேரும், 10,000 வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேரும் வந்திருக்க வேண்டும். முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்காகத்தான். கூட்டம் முடிந்த வாரமே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். அடுத்த கூட்டம் வழக்கப்படி அக்டோபர் 2. அதற்கடுத்தது உள்ளாட்சி நாளான நவம்பர் 1.

ஆற்றங்கரையான்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று ஊராட்சி அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். எங்கள் ஊராட்சிக்கு 200 பேர் வேண்டும். கையெழுத்து சரியாக 203 இருந்தது. அன்று பந்தலில் போட்டிருந்தவை அறுபது நாற்காலிகள், அவற்றிலும் பின்வரிசை காலியாகக் கிடந்தது. தீர்மானப் பக்கத்தில் மோட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இதர பொருள்கள்" என்ற தலைப்புக்குக் கீழே நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டு, அதற்கும் கீழே முத்திரை குத்தியிருக்கிறார்கள். நகல் கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.